மூச்சை மட்டும் அடக்காதீர்கள்

"தண்ணிக்குள்ள போறப்ப மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சுக்கணும்மா."

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த அப்பாவின் முதல் பாடம் இது. அவர் அதைக் கற்றது ஃபேரர் பார்க் நீச்சல் குளத்தில். 1957ல் திறக்கப்பட்ட அந்தப் பொதுக் குளத்தில்தான் தேக்கா, ரங்கூன் சாலை, ஓவன் சாலைப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கைகால் அடித்தார்கள். 2003ல் குளம் மூடப்பட்டபோது நான் பாலர் பள்ளியில் இருந்தேன். அதே ஆண்டுதான் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம் திறந்தது. எங்கள் வீட்டில் ரயில் வந்ததைவிடக் குளம் போனதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சென்ற ஆண்டு ஸ்கூபா முக்குளிப்பு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் பயிற்றுநர் வெண்பலகையில் ஒரே ஒரு வரியை எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டார். மூச்சை ஒருபோதும் அடக்காதே. அப்பாவின் பாடத்துக்கு நேரெதிர்.

இரண்டுமே சரிதான். ஏன் என்று புரிந்துகொள்வதற்குள் வகுப்பில் பாதி நாள் போய்விட்டது. ஆனால் அந்த ஒன்று விளங்கிவிட்டால் ஸ்கூபாவின் பாதுகாப்பு விதிகளில் பெரும்பகுதி தானாக விளங்கிவிடுகிறது.

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் பாயில் விதி படித்திருப்பீர்கள். வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும். கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் மேலே இருந்தபடி மூச்சை இழுத்துக்கொண்டு கல்லைப் பிடித்துக் கீழே போனார்கள். போகப் போக அவர்கள் நெஞ்சுக்குள் இருந்த காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும், அதற்கு மேல் விரியாது. அதனால் மூச்சை அடக்குவதில் நுரையீரலுக்கு அந்த வகை ஆபத்து இல்லை.

ஸ்கூபாவில் கதை வேறு. 10 மீட்டரில் நாம் இழுக்கும் மூச்சே 2 பார் அழுத்தத்தில் வருகிறது. அந்தக் காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? கிழியும். காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்ததுபோல் ஆகிவிடும். இதற்கு ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. நுரையீரல் நிறைய காற்றுடன் ஒன்றரை மீட்டர் உயர்ந்தாலே போதும். நம் வட்டாரக் குளங்களிலேயே அந்த ஆழம் உண்டு. ஆகவேதான் குளத்தில் நடக்கும் முதல் பயிற்சியிலிருந்தே இந்த விதி.

பதற்றம் வந்தால் மனிதர் செய்யும் முதல் வேலை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது. அந்தப் பழக்கத்தை உடம்பிலிருந்து கழற்றுவதுதான் பயிற்சியில் மிகக் கடினமான பகுதி என்பது என் எண்ணம்.

பொய் சொல்லத் தூண்டிய தாள்

தண்ணீரில் இறங்குமுன் ஒரு மருத்துவக் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். இதயம், காது, நீரிழிவு, வலிப்பு என்று கேட்டுக்கொண்டே போகும். ஆஸ்துமா என்ற இடத்தில் என் பேனா நின்றது.

தொடக்கப்பள்ளியில் எனக்கு இழுப்பு இருந்தது. பத்து ஆண்டுகளாக மருந்துக் குழலைத் தொட்டதில்லை. "இல்லை" என்று எழுதினால் அந்த வார இறுதியிலேயே குளத்தில் இறங்கலாம். "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போகும், கூடச் சேர்ந்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். பணமும் கட்டியாகிவிட்டது.

"ஆம்" என்று எழுதினேன். துணிச்சலால் அல்ல, பாயில் விதியைச் சற்றுமுன்தான் கேட்டிருந்தேன். மூச்சுக்குழாய் இறுகி நுரையீரலின் ஒரு மூலையில் காற்று சிக்கினால், நான் வெளியே ஊதிக்கொண்டு வந்தாலும் அந்த மூலை மட்டும் மூச்சை அடக்கியதாகிவிடும். மருத்துவர் நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை செய்து, போகலாம் என்று எழுதிக்கொடுத்தார். "ஆம்" என்று எழுதியவர்களில் எல்லாரும் தடுக்கப்படுவதில்லை. தடுக்கப்பட வேண்டியவர் யார் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும் என்பதற்காகத்தான் அந்தத் தாள்.

பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகில் பரவலாக இருக்கும் தொடக்கநிலைச் சான்றிதழ்களில் ஒன்றான 'ஓப்பன் வாட்டர்' பயிற்சியில் 10 வயதிலேயே சேரலாம். ஆனால் 15 வயது வரை அது இளையர் சான்றிதழ்தான், கட்டுப்பாடுகள் உண்டு. முதலில் பாடம், பிறகு குளம், கடைசியாகக் கடலில் நான்கு முறை முக்குளிப்பு. கருவி எதுவுமின்றி 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். பள்ளியில் ஸ்விம்சேஃபர் திட்டத்தில் மிதக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிதாகத் தெரியாது. சான்றிதழ் கிடைத்தாலும் 18 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லை 40 மீட்டர்.

குளத்தில் எனக்குப் பிடிக்காத பயிற்சி முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது. இரண்டு மீட்டர் ஆழத்தில் முழங்காலிட்டு, கண்ணாடியை முழுவதும் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே இருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். சொல்வதற்கு எளிது. மூக்கில் தண்ணீர் ஏறிய கணம், வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, காற்று வந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது. மேலே பாய்ந்தேன். பயிற்றுநர் என் சட்டைப் பட்டையைப் பிடித்து நிறுத்தி, கண்ணுக்கு நேரே கையை மெதுவாக ஏற்றி இறக்கினார். இழு, விடு, இழு, விடு. கண் எரிய எரிய அவர் கையைப் பார்த்து மூச்சுவிட்டேன். அன்று நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை செய்தேன்.

எங்கள் பயிற்றுநர் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். அவரை எல்லாரும் 'சிக்கு' என்றே அழைத்தோம். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தோற்ற நான்கு முறையும் அவர் முகத்தில் எரிச்சலே இல்லை. இப்போது யாராவது என்னிடம் எந்தப் பயிற்சி நிலையம் நல்லது என்று கேட்டால், கட்டணத்தைக் கேட்குமுன் ஒரு பயிற்றுநர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேளுங்கள், தோற்றவருக்கு எத்தனை வாய்ப்பு தருகிறார் என்று கேளுங்கள் என்பேன்.

கருவி என்ன செய்கிறது

ஃபேரர் பார்க்கில் வளர்ந்தவர்களுக்கு எதை வாங்குவதென்றாலும் முதலில் நினைவுக்கு வருவது முஸ்தஃபாதான். ஸ்கூபா கருவிகளைப் பொறுத்தவரை உடனே எதையும் வாங்காதீர்கள். தொடக்கத்தில் வாடகைக் கருவி போதும். சொந்தமாக வாங்குவதென்றால் முகக்கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. அது மூக்கை மூடாது. ஆழத்தில் கண்ணை அழுத்தும் அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கால் ஊத வழியில்லை.

கலனில் இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று, ஆக்சிஜன் அல்ல. செய்தித்தாள்கள்கூட அடிக்கடி 'ஆக்சிஜன் கலன்' என்று எழுதிவிடுகின்றன. கலனில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றை இரண்டு கட்டமாகக் குறைத்து, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கே கொடுப்பது ரெகுலேட்டர். நம் வாயில் ஒன்று, துணைவருக்கு அவசரத்தில் கொடுக்க இன்னொன்று. பிசிடி எனப்படும் மிதவைச் சட்டைக்குள் காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்கிறோம். மணிக்கட்டில் இருக்கும் கணினி ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கிறது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வழக்கமான அலுமினியக் கலனின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பாரில் அடைத்தால் சுமார் 2,200 லிட்டர் காற்று. 50 பார் மீதம் இருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஆக, செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். புதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் அது 80 நிமிடத்துக்கு மேல் வரும். 10 மீட்டரில் 41 நிமிடம். 18 மீட்டரில் 29 நிமிடம்தான். பயந்தவர் இரு மடங்கு வேகமாக மூச்சுவிடுவார், அப்போது 15 நிமிடம்கூடத் தாங்காது. அமைதியாக இருப்பதும் காற்றைச் சேமிப்பதும் கடலடியில் ஒன்றேதான்.

தியோமான் தீவுக்குப் போன இரண்டாம் நாள். படகில் எல்லாரும் தயார். என் துணை முக்குளிப்பாளர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், 19 வயது. குதிக்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்க வேண்டும்: மிதவைச் சட்டை, எடை, கொக்கிகள், காற்று, கடைசியாக ஒருமுறை எல்லாம். ஏற்கெனவே இரண்டு முறை கடலில் இறங்கிவிட்ட தெனாவட்டில் நான் "சரிதான், போகலாம்" என்றேன்.

"இருங்கக்கா, மூச்சு இழுங்க. மீட்டரைப் பாருங்க."

இழுத்தேன். காற்றளவைக் காட்டும் ஊசி 200லிருந்து சடாரென்று சரிந்து மறுபடி ஏறியது. கலனின் வால்வு முழுவதும் திறக்கப்படவில்லை. மேலே இருக்கும்வரை அது தரும் காற்று போதும். ஆழத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் மும்மடங்கு காற்று தேவைப்படும்போது, இழுக்க இழுக்க வராது. வால்வைத் திறக்க அவருக்கு ஐந்து விநாடி ஆனது. எனக்கு அன்று முழுவதும் கை நடுங்கியது.

முத்துக் குளிக்கப் போகிறவர் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார், தங்கையின் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. முந்தின நாள் அறிமுகமானவர்தான் துணை. ஆகவே அந்த ஐந்து விநாடியைச் சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

மெதுவாக ஏறுவதும் ஒரு திறன்

கீழே இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக் கூட அதிகம் கரையும். சோடா பாட்டிலைப் பட்டென்று திறந்தால் நுரைக்கிறதே, அதுபோல வேகமாக மேலேறினால் கரைந்த வாயு உடம்புக்குள் குமிழியாகும். மூட்டுவலி, மரமரப்பு, காரணமில்லாத அசதி, மோசமானால் கைகால் செயலிழப்பு. பிரிட்டிஷ் அறிவியலாளர் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908ல் தம் குழுவினருடன் வெளியிட்டார். இன்று மணிக்கட்டுக் கணினி போடும் கணக்கு அந்த ஆடுகளிலிருந்து தொடங்கியது.

இப்போது பரவலாகச் சொல்லித்தரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர். நம் மின்தூக்கியோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு ஏற வேண்டும். மேலே வந்தபிறகும் விதி முடியவில்லை. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. பாலி, மாலத்தீவு, புக்கெட் என்று விடுமுறைக்குப் போகும் மாணவர்கள் கோட்டைவிடுவது இங்குதான். கடைசி நாள் காலையில் கடல், மாலையில் விமானம் என்று பயணச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள்.

அறிகுறி தெரிந்தால் தூய ஆக்சிஜன் கொடுத்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்கக் கூடாது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக்கும் முக்குளிப்பு மருத்துவத்துக்கும் தனி நிலையம் இருக்கிறது. நோயாளியை அழுத்த அறையில் வைத்து, குமிழிகளை மீண்டும் சுருக்கி, பல மணி நேரம் எடுத்து மெல்ல வெளியே கொண்டுவருவார்கள். இங்கே 995 அழைத்தால் போதும். தொலைதூரத் தீவில் அந்த வசதி இருக்காது. படகில் ஆக்சிஜன் கலன் இருக்கிறதா என்று ஏறுமுன் கேட்பது அதனால்தான். ஆம், அது மட்டும் உண்மையிலேயே ஆக்சிஜன் கலன்.

மேலே வந்தபோது படகு இல்லை

நம்மவர்கள் பெரும்பாலும் கடல் பயிற்சிக்குப் போவது மெர்சிங் வழியாகத்தான். வெள்ளி இரவு பேருந்து, விடியற்காலையில் படகு. தியோமான், டாயாங், அவூர். ஆண்டுக் கடைசியில் பருவமழை தொடங்கினால் பயணங்கள் நின்றுவிடும்.

அந்தக் கடலில் 2022 ஏப்ரல் 6ஆம் தேதி நடந்ததைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோக்கோங் சங்கோல் தீவுப் பக்கம் நான்கு பேர் பயிற்சிக்காக இறங்கினார்கள். நார்வேயைச் சேர்ந்த பயிற்றுநர், பிரிட்டனைச் சேர்ந்த தந்தை, அவருடைய 14 வயது மகன், பிரான்சைச் சேர்ந்த 18 வயதுப் பெண். மேலே வந்தபோது அவர்களின் படகு அங்கு இல்லை. நீரோட்டம் இழுத்துச் சென்றது. பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். தந்தையையும் அந்தப் பெண்ணையும் மீனவர்கள் கண்டெடுத்தது 9ஆம் தேதி. சிறுவன் திரும்பவில்லை. மெர்சிங் பகுதியில் முக்குளிப்பு நடவடிக்கைகள் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கப்பட்டன.

சிக்கு இதை வகுப்பில் சொன்னபோது யாரும் பேசவில்லை. பிறகு அவர் ஒரு சுருட்டிய ஆரஞ்சு நிறக் குழாயை எடுத்து ஊதினார். ஆள் உயரத்துக்கு நிமிர்ந்தது. அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலையைச் சில நூறு மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதே கடினம். இந்த மிதவைக் குழாயைப் பார்க்கலாம். கூடவே ஒரு விசில். இரண்டும் சேர்ந்து சட்டைப்பையில் அடங்கும். கலனில் காற்று தீர்ந்துபோனாலும் மிதவைச் சட்டையை வாயால் ஊதி நிரப்பலாம், அது தாங்கும் என்பதையும் அன்று நீரில் செய்துகாட்டச் சொன்னார். இருந்தாலும் எந்தக் கருவியும் படகுக்கு ஈடில்லை. நாம் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார், எத்தனை பேர் இறங்கினோம் என்று எண்ணியவர் யார், இன்றைய நீரோட்டம் எப்படி என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நம் தீவிலேயே இடம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தெற்கே ஹந்துத் தீவு. ஹந்து என்றால் மலாயில் பேய். பல நாள் நீட்டிய கை தெரியாத அளவுக்குக் கலங்கியிருக்கும். இரண்டு மூன்று மீட்டர் தெரிந்தால் அது நல்ல நாள். ஆனால் அந்தக் கலங்கலுக்குள் கடற்குதிரையும் கோமாளி மீனும் விரல்நக அளவில் வண்ண வண்ணக் கடல்நத்தைகளும் இருக்கின்றன. சிஸ்டர்ஸ் தீவுகள் 2014ல் நாட்டின் முதல் கடற்பூங்காவாயின. அங்குள்ள முக்குளிப்புப் பாதை அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும். ஒரு லட்சம் பவளங்களை நடும் தேசியப் பூங்காக் கழகத்தின் திட்டம் 2024 டிசம்பரில் தொடங்கியது. கடல் உயிரியல் படிக்க நினைக்கும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்து வைக்கலாம்.

கடலில் கடைசி முக்குளிப்பு ஞாயிறு காலை. எழுந்தபோது மூக்கு அடைத்திருந்தது. காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய மூக்கைப் பிடித்து ஊதினேன். இடது காது திறக்கவில்லை. அந்த நிலையில் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். சளி மருந்து போட்டுக்கொண்டு போனால், கீழே இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்து காது மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

நான்காவதை முடித்தால்தான் சான்றிதழ். மற்ற ஆறு பேரும் கருவி மாட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு சிக்கு சொல்லியிருந்தார்: யாரும், எப்போதும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும், முக்குளிப்பை நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டபோது நல்ல விதியாகத்தான் இருந்தது. படகில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்து "நான் வரவில்லை" என்று சொல்வது குளத்தில் கண்ணாடியைக் கழற்றியதைவிடக் கடினமாக இருந்தது.

சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிக்கு தலையை ஆட்டிவிட்டு என் துணைவரை வேறொருவரோடு சேர்த்தார். நான் படகோட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே வரும் குமிழிகளைப் பார்த்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பாதி பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்தார். 38ஆவது நிமிடத்தில் முதல் தலை தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக. ஆறு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "என்னம்மா, பாஸா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குப்பா. அடுத்த மாசம் போறேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஆவி பிடிக்கத் தண்ணீர் வைத்தார்.